கறளும் அணு உலையும்

தமிழகத்தார் துரு என்று வழங்குவதை நாம் கறள் என்கிறோம். மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழும் மக்களுக்கு இச்சொல்லை அகராதி கொண்டு விளக்க வேண்டியதில்லை. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புகுகிறது. மாரி காலத்தில் ஆறுகளின் நன்னீர் வந்து அதனோடு கலக்கிறது. உப்பு ஏறியும் இறங்கியும் வரும் இந்த நீரும், அதன்மேல் வீசும் காற்றும் இரும்பைத் தின்னும் வேகத்தை உழவனின் மண்வெட்டியும் மீனவனின் நங்கூரமும் அறியும்.

1924ஆம் ஆண்டில் கல்லடியில் இவ்வாவியின் குறுக்கே இரும்புப் பாலமொன்று அமைக்கப்பட்டது. அன்றைய ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரால் அது லேடி மனிங் பாலம் எனப்பட்டது. அதைப் பொருத்திய தொழிலாளரின் பெயர்களைக் கேட்பார் இருக்கவில்லை. 2013ஆம் ஆண்டில் யப்பானிய உதவியுடன் பக்கத்தே புதிய பாலம் திறக்கப்படும்வரை, ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள், பழைய பாலமே நகரையும் கல்லடியையும் இணைத்து நின்றது. உப்புக் காற்றில் இரும்பு அத்தனை காலம் நிற்பது இரும்பின் குணத்தால் அன்று. கறளைத் தேய்த்தெடுத்து வர்ணம் பூசும் கைகள் இருந்தால்தான் அது நிற்கும்.

பாலத்தில் இவ்வேலை தவறினால் ஓர் ஊரின் போக்குவரத்துத் தடைப்படும். அணு உலையில் தவறினால் என்ன ஆகும்? அணுசக்தியைப் பற்றிப் பேசுவோர் யுரேனியத்தைப் பற்றியும் குண்டைப் பற்றியும் நிறையப் பேசுகின்றனர். உலையின் குழாய்களைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். ஆனால் அந்தக் குழாய்களுக்கு உரிய இடத்தைக் கொடுத்து உலைகளின் சரித்திரத்தைப் படித்தால் ஓர் உண்மை புலப்படும். கறள் விஞ்ஞானிகளை ஏமாற்றிய சந்தர்ப்பங்கள் உண்டு. ஆயினும் கறளை முன்னரே கண்டவனின் சொல் மேலிடத்தின் காதில் ஏறாமற்போன சந்தர்ப்பங்களே உயிர்களைக் கொண்டுபோயின.

உலோக அரிப்பைப் பற்றிய விஞ்ஞானம் பிறந்த இடம் ஆதிக்கக் கடற்படையின் கப்பற் தளம் என்பது வியப்பல்ல. பிரித்தானியப் போர்க்கப்பல்களின் மர அடிப்பாகத்தைச் செப்புத் தகடுகளால் போர்த்துவது அக்கால வழக்கம். கடல்நீர் அத்தகடுகளைத் தின்றது. 1824ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் இரசாயனவியலாளர், செம்பின்மீது சிறு நாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ பொருத்தினால் அத்துண்டு கரைந்து செம்பைக் காக்கும் என்று காட்டினார். அவர் சொன்னபடியே செம்பு கரையாது நின்றது. ஆனால் கரைந்த செம்பின் நஞ்சே அதுவரை சிப்பிகளையும் பாசியையும் கப்பலில் ஒட்டவிடாமற் காத்து வந்தது. நஞ்சு நின்றதும் அவை அடிப்பாகத்தை மூடின. கப்பல்களின் வேகம் குன்றியது. கடற்படையினர் டேவியின் முறையைக் கைவிட்டனர்.

நூறாண்டு கழித்து, 1920களில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் யூலிக் எவன்ஸ் என்பவர் ஒரு துளி உப்பு நீரைக் கொண்டு கறளின் இரகசியத்தை விளக்கினார். நம் பாடசாலைகளின் ஆய்வுகூடத்திலும் செய்யத்தக்க பரிசோதனை அது. உப்பு நீரிற் சிறிது பினோல்தலீனும் பொற்றாசியம் பெரிசயனைட்டும் கலந்து, நன்கு தேய்த்த இரும்புத் தகட்டின்மீது ஒரு துளி விடவேண்டும். சிறிது நேரத்தில் துளியின் ஓரம் இளஞ்சிவப்பாகும், நடுப்பகுதி நீலமாகும், இரண்டுக்கும் இடையே கறள் வளையம் தோன்றும். ஓரத்திற் காற்றிலுள்ள ஒட்சிசன் தாராளமாகக் கிடைக்கிறது, நடுவிற் கிடைப்பதில்லை. நடுவிலுள்ள இரும்பு இலத்திரன்களை விட்டுக் கரைகிறது. அந்த இலத்திரன்கள் தகட்டின் வழியே ஓரத்துக்கு ஓடுகின்றன. அங்கே ஒட்சிசன் அவற்றை ஏற்கிறது. ஒரு துளிக்குள் ஒரு மின்கலம்! இதில் மாணவர் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. காற்றுப் படும் இடத்திலன்று, காற்றுப் படாத இடத்திலேயே இரும்பு கரைகிறது. ஆணித் தலையின் அடியிலும், பொருத்தின் இடுக்கிலும், படிந்த அழுக்கின் கீழும் அரிப்பு வேலை செய்கிறது. தேடிப் பார்த்தாலன்றி அது தென்படாது.

இவ்வறிவு தமிழகத்திலும் வேரூன்றியது. அழகப்பச் செட்டியார் வழங்கிய முந்நூறு ஏக்கர் நிலத்திலும் பதினைந்து இலட்சம் ரூபாயிலும் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் எழுந்து, 1953ஆம் ஆண்டு தைத்திருநாளன்று திறக்கப்பட்டது. (செட்டிநாட்டு மூலதனம் இலங்கையிலும் பர்மாவிலும் மலாயாவிலும் திரண்ட வரலாறு நாமறிந்ததே, அதில் ஒரு பகுதி விஞ்ஞானத்துக்குத் திரும்பியதைக் குறை கூறுவதற்கில்லை.) இந்நிலையம் மண்டபத்தில் கடற்கரையோரமாக ஒரு சோதனைத் தளம் அமைத்து, பல்வகை உலோகத் தகடுகளை உப்புக் காற்றிலும் கடல்நீரிலும் நிறுத்தி, அவை தேயும் வேகத்தை அளந்து வருகிறது. அருகேயுள்ள பாம்பன் பாலமே அத்தகைய சோதனைப் பொருள்தான். 1914ல் திறக்கப்பட்ட அப்பாலத்தின் தூக்குப் பகுதி அரிப்பினால் மிகவும் நலிந்ததால் 2022 டிசம்பரில் புகையிரதப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலிற் புதிய பாலம் திறக்கப்பட்டது. பழுதைக் கண்டார்கள், வண்டியை நிறுத்தினார்கள், எவரும் சாகவில்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

1954ல் சோவியத் நாட்டின் ஒப்னின்ஸ்க் நிலையம் அணுவிலிருந்து மின்சாரம் வழங்கத் தொடங்கியது. 1956ல் இங்கிலாந்தின் கால்டர் ஹோலும் 1957ல் அமெரிக்காவின் ஷிப்பிங்போட்டும் தொடர்ந்தன. மீற்றர் வைத்து அளக்கத் தேவையில்லாத அளவுக்கு மின்சாரம் மலிந்துவிடும் என்று அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழுத் தலைவர் லூயிஸ் ஸ்ட்ரோஸ் 1954ல் நம்பிக்கை தெரிவித்தார். மேடையில் இவ்வாறு பேசப்பட்ட அதே காலத்தில் உலோகவியலாளர் வேறொரு கவலையில் மூழ்கியிருந்தனர். முந்நூறு பாகையை நெருங்கும் வெப்பமும், வளிமண்டலத்தைப்போல் எத்தனையோ மடங்கு அமுக்கமும் உள்ள நீருக்குள், ஓயாத கதிர்வீச்சின் நடுவே, பல ஆண்டுகள் கரையாமலிருக்க வேண்டிய குழாயை எதனாற் செய்வது? அது நியூத்திரன்களை விழுங்காத உலோகமாகவும் இருக்க வேண்டும்.

கிடைத்த விடை சிர்க்கோனியம். அதைத் தேர்ந்து வளர்த்தது அமெரிக்க நீர்மூழ்கிப் போர்க்கப்பல் திட்டம். சமாதான உலைகள் போர்க்கப்பலின் உலோகத்தையே சுவீகரித்தன. தூய சிர்க்கோனியம் நீரில் நிலைக்கவில்லை, வெள்ளீயம் சேர்த்தனர், உருக்கும்போது தவறுதலாகச் சிறிது கறையில் உருக்குக் கலந்துவிட்ட ஒரு கட்டி மற்றவற்றைவிட நன்றாக நின்றதைக் கண்டு அவ்வழியே சிர்க்கலோய்-2 என்னும் கலப்புலோகத்தை ஆக்கினர். இவ்வுலோகத்தின் தாதுவாகிய சிர்க்கன் நமது கிழக்குக் கரையில், புல்மோட்டை மணலில் உள்ளது. 1957ல் அதற்கென அரச கூட்டுத்தாபனமும் உண்டாயிற்று. உலகிற் சிர்க்கன் பெரும்பாலும் பீங்கான், ஓட்டுத் தொழில்களுக்கே செல்கிறது என்பது உண்மை. எனினும் எதற்குச் சென்றாலும் நாம் அனுப்புவது மணல். உலோகமாக்கும் வித்தை வேறிடத்தில் வளர்கிறது.

இனிக் கல்பாக்கத்துக்கு வருவோம். சென்னைக்குத் தெற்கே, நம்மைத் தழுவும் அதே வங்கக் கடலின் கரையில், 1971ஆம் ஆண்டில் உலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1985ல் அது இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையம் எனப் பெயர் மாறியது. அதன் இயக்குநர்களாயிருந்த சி. வி. சுந்தரம், பிளாசிட் றொட்றிகஸ், பல்தேவ் ராஜ் ஆகிய மூவரும் உலோகவியலாளர் என்பது தற்செயலன்று. உலை ஓடுவது பௌதிகத்தால். அது நீடிப்பது உலோகத்தால். 2005ல் அமைந்த ஹோமி பாபா தேசிய நிறுவனம் என்னும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் உறுப்பாக இன்று அது விளங்குகிறது; அரிப்பைப் பற்றி ஆராய்ந்து பட்டம் பெறும் மாணவர் குழாம் அங்குண்டு.

அவர்கள் ஆராய்வன யாவை? 1985 அக்டோபர் 18ந் திகதி இயங்கத் தொடங்கிய சிறிய வேக ஈனுலையில் வெப்பத்தைச் சுமப்பது நீரன்று, உருகிய சோடியம். சோடியத்திற் கலந்துள்ள ஒட்சிசன் இலட்சத்திற் சில பங்கு ஏறினாலும் உருக்குக் கரையும் வேகம் கூடுகிறது. ஆகவே சோடியத்தை ஓயாது வடித்துத் தூய்மையாக்க வேண்டும். நீராவி பிறக்கும் கலத்தில் ஒரு மெல்லிய குழாய்ச் சுவர் சோடியத்தையும் நீரையும் பிரிக்கிறது. அதில் ஊசித் துளையொன்று விழுந்தால் இரண்டும் சந்தித்து எரியும். பக்கத்துக் குழாய்களும் பழுதாகும். இதனாற் பிறக்கும் ஐதரசனை மிகச் சிறிய அளவிலேயே மணந்தறியும் கருவிகளை அங்கே ஆக்கியுள்ளனர். எரிந்த எரிபொருளைக் கரைக்கும் கொதிக்கும் நைத்திரிக்கமிலத்தைத் தாங்கும் உலோகம் எது என்பது இன்னோர் ஆய்வு. கடற்காற்றிலுள்ள குளோரைட்டு, இழுவிசைக்குட்பட்ட கறையில் உருக்கில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும் விதம் பற்றியது மற்றொன்று. உலை கட்டி முடியுமுன்னரே, களஞ்சியத்திற் கிடக்கும் குழாயையும் கடற்காற்று கெடுத்துவிடக்கூடும்.

இவற்றோடு, டேவியைத் தோற்கடித்த அதே சிப்பிகளும் அங்கே தலைகாட்டுகின்றன! மின் நிலையத்தைக் குளிர்விக்கக் கடலடியில் ஏறத்தாழ அரைக் கிலோமீற்றர் நீளச் சுரங்கம் ஒன்று நீரை இழுக்கிறது. பச்சை மட்டிகளும் கொட்டலசுகளும் அதன் சுவரெங்கும் குடியேறுகின்றன. குளோரீன் இட்டு அவற்றை அடக்கவேண்டும். மிகுதியாக இட்டால் உலோகத்துக்குக் கேடு. நம் வாவியின் மட்டியை அறிந்தவர்களுக்கு இந்த ஆராய்ச்சி அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் கல்பாக்கத்தின் மிகப் பெரிய பாடம் 1983ஆம் ஆண்டிற்குரியது. அவ்வாண்டு யூலை 2ந் திகதி சென்னை அணுமின் நிலையத்தின் முதலாவது உலை உயிர்பெற்றது. அதில் 306 குழாய்கள், யாவும் சிர்க்கலோய்-2. ஒரு மாதம் கழிந்து ஓகஸ்ட் 1ந் திகதி, கனடாவின் பிக்கரிங் நிலையத்தில், அதே உலோகத்தாலான குழாயொன்று இரண்டு மீற்றர் நீளத்துக்குப் பிளந்தது. (இவ்விரு திகதிகளுக்கும் இடையில் நம் நாட்டில் நிகழ்ந்தது யாதென்று நம் வாசகருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.) கனநீர் குழாயை மெல்ல அரித்தபோது வெளிப்பட்ட ஐதரசனின் ஒரு பகுதி உலோகத்துக்குள் நுழைந்தது, தாங்கு வளையங்கள் இடம் பெயர்ந்ததாற் குழாய் தளர்ந்து வெளிக்குழாயைத் தொட்டது, தொட்ட இடம் குளிர்ந்தது, குளிர்ந்த இடத்தில் ஐதரசன் திரண்டு கொப்புளமாகி உலோகத்தை ஓடுபோல் நொறுங்கச் செய்தது. உலையை இயக்கியோர் அதைப் பத்திரமாக நிறுத்தினர். எவரும் மடியவில்லை.

கனடாவின் இந்த அனுபவம் மறைக்கப்படவில்லை, ஆய்வேடுகளில் வெளிவந்தது. இந்தியப் பொறியியலாளர் தம் குழாய்களைச் சோதித்தனர். ஐதரசனைக் குறைவாக ஏற்கும் நையோபியம் கலந்த உலோகத்தாற் புதுக்குழாய்கள் செய்தனர். இராசஸ்தான் இரண்டாம் உலையிலும், பின்னர் கல்பாக்கத்தின் இரண்டு உலைகளிலும் எல்லாக் குழாய்களையும் மாற்றினர். கதிர்வீச்சுள்ள இடத்தில் ஒருவர் நெடுநேரம் நிற்க இயலாது. பலர் மாறி மாறிச் சென்று, ஒவ்வொருவரும் தம் உடலிற் சிறு பங்கை ஏற்று, முடித்த வேலை அது. 2004 டிசம்பர் 26ந் திகதி கடற்கோள் நாவலடியையும் கல்லடியையும் அழித்த அதே காலையில் கல்பாக்கத்தையும் தாக்கியபோது, இரண்டாம் உலை மட்டுமே இயங்கிக்கொண்டிருந்தது. நீரேற்றும் அறைக்குள் கடல் புகுந்ததும் அது நிறுத்தப்பட்டது. முதலாம் உலையோ குழாய் மாற்றத்துக்காக முன்னரே மூடப்பட்டிருந்தது. ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் போயின, உலைகள் தப்பின.

புதிய உலோகமும் இறுதி விடையன்று. 2016 மார்ச் 11ந் திகதி குசராத்தின் கக்ராபார் முதலாம் உலையில் நையோபியக் குழாயொன்று கசிந்தது. ஆராய்ந்தபோது குழாய்களின் வெளிப்புறத்தில், காபனீரொட்சைட்டு வாயு மட்டுமே தொடும் பக்கத்தில், அம்மைத் தழும்பு போன்ற அரிப்புப் புள்ளிகள் தெரிந்தன. எவரும் அஞ்சாத பக்கத்திலிருந்து கறள் வந்தது.

இவை அறிவு தேடிக்கொண்டிருந்த இடங்கள். அறிவு இருந்தும் உயிர் போன இடங்கள் வேறு. 1986 டிசம்பர் 9ந் திகதி அமெரிக்காவின் வேர்ஜீனியா மாநிலத்திலுள்ள சரி நிலையத்தில் வெந்நீர்க் குழாயொன்று வெடித்து நான்கு தொழிலாளர் மாண்டனர். வேகமாக ஓடும் வெந்நீர், இரும்பைக் காக்கும் மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தை இடைவிடாது கரைத்துக் குழாயைத் தேய்த்துவிட்டது. காரணம் கண்டறியப்பட்டது, சிறிதளவு குரோமியம் கலந்த உருக்கு இதைத் தடுக்கும் என்பதும் தெரிந்தது, எந்த வளைவையும் எந்தப் பொருத்தையும் அளக்கவேண்டும் என்பதும் உலகெங்கும் பரவியது. பதினெட்டு ஆண்டுகள் சென்றன. 2004 ஓகஸ்ட் 9ந் திகதி யப்பானின் மிகாமா மூன்றாம் உலையில் அதே வகைக் குழாய் அதே விதமாக வெடித்தது. பத்து மில்லிமீற்றர் தடிப்பாயிருந்த சுவர் ஒன்றரை மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தேய்ந்திருந்தது. 1976ல் நிலையம் தொடங்கியது முதல் அவ்விடம் ஒருமுறையேனும் அளக்கப்படவில்லை; சோதிக்க வேண்டியவற்றின் பட்டியலிலேயே அது இல்லை. பட்டியலில் விடுபட்டிருப்பதைச் சோதனை ஒப்பந்தக்காரர் முந்திய ஆண்டே எடுத்துச் சொல்லியிருந்தனர். இறந்த ஐவரும் மின் கம்பனியின் நேரடி ஊழியரல்லர், ஒப்பந்தத் தொழிலாளர். மூடும் நாட்களைக் குறைப்பதற்காக, உலை ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர்களை உள்ளே அனுப்பிப் பராமரிப்புக்கு ஆயத்தம் செய்வித்தனர். குழாயை அளக்கக் குறித்திருந்த நாள் சில தினங்களே தள்ளியிருந்தது.

ஒஹாயோவின் டேவிஸ்-பெஸி நிலையத்தின் கதை இன்னும் வெளிப்படையானது. உலைக் கலத்தின் மூடி பதினேழு சென்ரிமீற்றர் தடிப்புள்ள உருக்கு. போரிக்கமிலம் கலந்த நீர் ஒரு வெடிப்பின் வழியே பல ஆண்டுகள் கசிந்து அவ்வுருக்கைத் தின்றது. 1999லேயே காற்று வடிகட்டிகள் கறள் தூளால் அடிக்கடி அடைபட்டன. வடிகட்டியை மாற்றினர், தூள் எங்கிருந்து வருகிறது என்று தேடவில்லை. 2000ல் எடுத்த புகைப்படத்தில் மூடியிலிருந்து செந்நிறக் கறள் வழிந்திருந்தது. 2001 முடிவதற்குள் சோதனையை நடத்துமாறு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கேட்டபோது, கம்பனி தவணை கேட்டது; தவணையும் கிடைத்தது. 2002 மார்ச்சில் திறந்து பார்த்தவர்கள் மூடியில் ஒரு குழியைக் கண்டனர். உருக்கு முழுவதும் போய், ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைந்த கறையில் உருக்குப் படலம் மட்டும் உலையின் அமுக்கத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. 2006ல் கம்பனி 2.8 கோடி டொலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டது. உலை ஓடாத ஒவ்வொரு நாளும் நட்டம் என்ற கணக்கு, உருக்கின் கணக்கைவிட உரத்துப் பேசிய காலம் அது.

தனியார் இலாபம் இல்லாத இடத்தில் இக்கேடு இல்லை என்று சொல்ல எனக்கும் ஆசைதான், சரித்திரம் இடங்கொடுக்கவில்லை. 2003 சனவரி 21ந் திகதி கல்பாக்கத்தின் எரிபொருள் மீள்பதனிடும் ஆலையில், ஒரு வால்வு பழுதானதால் கடுங்கதிர்வீச்சுள்ள திரவம் தாழ்கதிர்வீச்சுத் தொட்டிக்குட் சென்றது. அறியாது சென்ற ஊழியர் அறுவர் கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவ்விடத்தில் எச்சரிக்கும் அளவி பொருத்தப்படவில்லை. தொழிற்சங்கம் பாதுகாப்புக் கோரிக்கைகளை முன்வைத்து வேலைநிறுத்தம் செய்தது; நிர்வாகமோ முன்னின்றோரை இடம் மாற்றியது. செய்தி வெளியே கசிந்த பின்னரே, மாதங்கள் கழித்து, நிர்வாகம் அதை ஒப்புக்கொண்டது. இது அரச நிறுவனம். 1962ஆம் ஆண்டின் அணுசக்திச் சட்டம் தகவலை மூடிவைக்க அரசுக்குப் பரந்த அதிகாரம் அளித்திருந்தது. கனடா தன் குழாயின் பழுதை வெளியிட்டதாற் பயனடைந்த அதே நிறுவனங்கள், தம் தொழிலாளியின் வாயை அடைக்க முனைந்தன. கல்பாக்கத்து விஞ்ஞானிகளின் ஆற்றலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர்களின் நுண்கருவி கண்டதை, தொட்டி அருகே நின்ற ஊழியன் கண்டதோடு சேர்த்துக் கேட்கும் ஏற்பாடு இல்லாததையே சொல்கிறேன்.

இலங்கையிலும் அணுமின் பற்றிய பேச்சு வளர்ந்து வருகிறது. சர்வதேச அணுசக்தி முகமையின் குழுவொன்று 2022ல் இங்கு வந்து, நம் நாட்டின் ஆயத்த நிலையை மதிப்பிட்டுச் சென்றது. உலை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் நடக்கட்டும். அவ்விவாதத்தில் விலையும் மெகாவாற்றும் மட்டுமே பேசப்படுகின்றன. குழாயை யார் அளப்பார், அளந்ததை எங்கே எழுதுவார், எழுதியதை ஊரவர் பார்க்கலாமா, அபாயம் கண்டு உலையை நிறுத்தச் சொன்ன தொழிலாளியின் வேலை மறுநாளும் இருக்குமா என்ற கேள்விகள் கொழும்பு மேசைகளுக்கு எட்டியதாகத் தெரியவில்லை.

இதைக் கேட்கும் தகுதியைப் பெற நம் மாணவர் உலைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வந்தாறுமூலையிற் பல்கலைக்கழகம் இருக்கிறது. வாவியோரம் நெடுகப் பாடசாலைகள் இருக்கின்றன. மண்டபத்திற் செய்வதை இங்கும் செய்யலாம். ஒரே தகட்டிலிருந்து ஒரே அளவில் வெட்டிய மெல்லுருக்குத் துண்டுகளை எடுத்து, உவர்த்தாளால் தேய்த்து, எண் பொறித்து, தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ள வேண்டும். முகத்துவாரத்தருகே சில, கல்லடிப் பாலத்தடியிற் சில, உள்ளே நன்னீர் சேரும் பகுதிகளிற் சில என நைலோன் கயிற்றிற் கட்டித் தொங்கவிட வேண்டும். சில துண்டுகள் நீரிலும், சில நீர்மட்டத்திலும், சில காற்றிலும். மாதந்தோறும் ஒவ்வோரிடத்திலிருந்தும் ஒரு துண்டை எடுத்து, கறளை நீக்கி, உலர்த்தி, மீண்டும் நிறுக்க வேண்டும். மாரிக்கு முன்னும் பின்னும் வரும் எண்களை அருகருகே எழுதி, பாடசாலைச் சுவரில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும். செலவு மிகச் சிறிது. தராசு மட்டும் நல்லதாயிருக்க வேண்டும்.